பெட்டி நம்மது, சாவி யாருகிட்ட?

போன ஐப்பசிக் கடைசியில் நடந்தது இது. நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட நாள் நெருங்கிவிட்டது. எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. மழை வந்தா நெல்லு, வராட்டி கருவேல மரம். அதனால காப்பீடு கட்டாம விட முடியாது. அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், இவ்வளவும் வேணும். டவுனுக்கு பஸ் ஏறி நெட் சென்டருக்குப் போனேன். எனக்கு முன்னாடி பதினஞ்சு பேர்.

என் முறை வந்ததும் பையில இருந்து ஜெராக்ஸை எடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்த தம்பி, "வேணாம்ய்யா, போன வருசம் குடுத்தது இங்கயே கெடக்கும், இருங்க" என்று என் பேரில் முதல் நாலு எழுத்தை அடித்தான். எங்க ஊர்ல குலசாமி பேர்தான் பாதிப் பேருக்கு. என் பேரில் மட்டும் ஏழெட்டு ஆள் இருக்கோம். அவன் முதலில் திறந்தது என்னுடையது இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொருத்தரின் நகைக்கடன் கணக்கு. எவ்வளவு வாங்கினார், எவ்வளவு வட்டி நிக்குது, எல்லாம் கண்ணு முன்னால. "அது இல்லய்யா" என்று மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தான். அதுவும் நான் இல்லை. மூணாவதுதான் நான்.

மறுநாள் காலையில டீக்கடையில அந்த மனுசன் எதிர்ல உட்கார்ந்து, "என்னப்பா, காப்பீடு கட்டிட்டியா?"ன்னு கேட்டார். அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல எனக்கு. அவர் பொண்டாட்டி கழுத்துல நகை இல்லாதது ஏன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டு வந்தவன் நான். அப்ப என் கணக்கை யார் யார் பார்த்திருப்பா?

அந்தத் தம்பியைக் குற்றம் சொல்லல. இருபது, முப்பது ரூபாய்க்கு ஊருக்கே எழுத்தர் வேலை பார்க்கிறான். சர்வர் படுத்தா ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து ஏத்திவிடுறான். ஆனா அவன் கம்ப்யூட்டர்ல சுத்துப்பட்டு ஊர்களோட ஆதார், பட்டா, பாஸ்புக், சாதிச் சான்று, கைரேகை வச்ச காகிதம் எல்லாம் கிடக்கு. பாதி அவனுக்கு நாமளே வாட்ஸ்அப்புல அனுப்பினது. ஒரு நாளைக்கு அவன் கடையை வித்துட்டுத் திருப்பூருக்குப் போனா, அந்தப் பெட்டி யாருகிட்டப் போகும்?

இதைச் சொன்னா "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க"ம்பாங்க. சரி, அரசாங்கமே சொன்னதைக் கேளுங்க. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், நெட் சென்டர் மாதிரி பொதுக் கணினியில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் நகல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள் என்று. நியாயமான பேச்சு. ரெண்டே நாள்ல, மக்கள் தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி அதைத் திரும்ப வாங்கிட்டாங்க. நாங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருப்போம். சரியாப் புரிஞ்சுக்கிட்டா எந்த ஆபீஸ்லயும் வரிசை நகராதே!

நகரத்துல இருந்து இதை வாசிக்கிற நண்பர்களே, இந்த இடத்துல உங்க வாயில என்ன வருதுன்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணன் மகன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். நடந்ததைச் சொன்னதும் அவனும் அதையேதான் சொன்னான்.

"சித்தப்பா, எல்லாத்தையும் டிரைவ்ல போட்டுருங்க. எங்க இருந்தாலும் போன்ல தொறந்துக்கலாம்."

"டிரைவ்னா எங்கப்பு இருக்கு?"

"கிளவுட்ல."

"கிளவுடு யார் வீட்ல இருக்கு?"

சிரிச்சான். ஆனா பதில் சொல்லல. மேகம்னு பேர் வச்சுட்டா அது வானத்துல இருக்குன்னு அர்த்தமில்ல. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான், அடுத்தவன் கம்ப்யூட்டர். நெட் சென்டர் தம்பியோட பெட்டி சின்னது, இது பெருசு. பூட்டும் பெருசுதான், ஒத்துக்கிறேன். ஆனா விதியை எழுதுறது நாம இல்ல. போட்டோவை அளவில்லாம இலவசமா வச்சுக்கலாம்னு சொன்னவங்க 2021 ஜூன் 1-ஆம் தேதியோட அதை நிறுத்தினாங்க. இப்ப மெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்குலயே சேருது. சொந்தக்காரங்க அனுப்புற காலை வணக்கம் வீடியோவே பாதி இடத்தைத் தின்னுடும். ரெண்டு வருசம் தொடாம விட்ட கணக்கை அழிக்கலாம்னு 2023-ல விதி போட்டாங்க, அந்த டிசம்பர்ல இருந்து அமலுக்கும் வந்துடுச்சு. எங்கப்பா 1974-ல் வாங்கின பத்திரத்தை முப்பது வருசம் யாரும் தொடல. டிரங்குப் பெட்டி அதை அழிக்கல.

அதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு. டிரைவைத் திறக்க நெட் வேணும். எங்க வயக்காட்டுல ஒரு கோடு சிக்னல், அதுவும் கண்மாய்க் கரை மேல ஏறி நின்னாத்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வரப்புத் தகராறுக்கு சர்வேயர் வந்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்துல மேற்கெல்லை என்னன்னு ஒரு வரி பார்க்கணும். பக்கத்து வயல்காரர் போனில் வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. "நாளைக்குப் பார்ப்போம்"னு சங்கிலியைச் சுருட்டப் போனார் சர்வேயர். என் போனுக்குள்ளயே நான் இறக்கி வச்சிருந்தேன், உடனே காட்டினேன். அன்னைக்கே கல் நட்டாச்சு.

அப்படி இறக்கி வைக்க என்கிட்ட என்ன இருக்குன்னு கேப்பீங்க. என் மக பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருக்கு. 2011-ல் தொடங்கின திட்டம். அதுல வந்த லேப்டாப் எங்க மாவட்டத்துல எத்தனையோ வீட்டுல பரண் மேல தூங்குது. எங்க வீட்டுதுக்கு பேட்டரி செத்துப்போச்சு, வயரைப் பிடுங்கினா அணைஞ்சிடும். கீபோர்டுல ரெண்டு பட்டன் காணோம். ஆனா உள்ள இருக்கிற இடம் என் போனைப் போலப் பல மடங்கு. பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், எங்கப்பா எழுதி வச்ச மழைக் கணக்கு நோட்டோட படம், மிளகாய் போட்ட கமிஷன் கடைச் சீட்டுகள், எல்லாத்தையும் மக உட்கார்ந்து அதுல ஏத்தி வச்சா.

எனக்குக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியாது. போன் ஓட்டத் தெரியும். எங்க ஊர்ல என் வயசுக்காரங்க எல்லாருக்கும் அதேதான் நிலைமை. அதனாலதான் சொல்றேன், போன் வழியாக் கம்ப்யூட்டருக்குள்ள போற வித்தை உங்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை. உங்களுக்கு அது வசதி. எங்களுக்கு அதை விட்டா அடுத்தவன் கையைப் பிடிக்கிறதுதான் வழி.

வித்தை பெருசா ஒண்ணுமில்ல. என் போன்ல ஹாட்ஸ்பாட்டைப் போடுவேன். மொபைல் டேட்டாவை அணைச்சிடுவேன், இல்லாட்டி லேப்டாப் அப்டேட்டுன்னு அன்னைக்கு உள்ள நெட்டைக் குடிச்சிடும். லேப்டாப் அந்த ஹாட்ஸ்பாட்டைப் பிடிச்சுக்கும். அதுல 'காகிதம்'னு ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் பண்ணி வச்சிருக்கா மக. படிக்கலாம், அழிக்க முடியாது, அப்படி அமைச்சிருக்கா. போன்ல கோப்புகளைப் பார்க்கிற ஆப் ஒண்ணு, அதுல 'நெட்வொர்க்'னு ஒரு பகுதி. லேப்டாப்போட எண்ணு, பேரு, பாஸ்வேர்டு ஒரு தடவை கொடுத்தாச்சு. அவ்வளவுதான். திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு உள்ள இருக்கிற பத்திரத்தைப் போன்ல படிக்கிறேன். ஒரு பைசா நெட் செலவில்ல. கோப்பு எங்க வீட்டு வாசலைத் தாண்டல. வயக்காட்டுக்கோ ஆபீஸுக்கோ போறதுக்கு முன்னாடி அன்னைக்குத் தேவையானதை மட்டும் போனுக்கு இழுத்துக்குவேன். வந்து அழிச்சிடுவேன். சர்வேயர் வந்த அன்னைக்குக் கை கொடுத்தது இதுதான்.

இதுல ஒரு எச்சரிக்கை சொல்லணும். லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இல்லைன்னா விண்டோஸ் வெளியில இருந்து உள்ள விடாது. அது நல்லதுக்குத்தான். ஆனா இதைச் சொல்லிக்கொடுத்த ஒரு யூடியூப் வீடியோவில, "தொந்தரவா இருந்தா பாஸ்வேர்டு கேக்கிறதையே நிறுத்திடுங்க"ன்னு சொன்னார் ஒருத்தர். வீட்டுக் கதவு திறக்கச் சிரமமா இருக்குன்னு கதவையே கழட்டி வைக்கிற யோசனை அது. அதைக் கேட்டு ஏமாறாதீங்க.

"ஊருக்கு வெளியில இருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொறக்கிற ஆப் இருக்கே"ன்னு அண்ணன் மகன் கேட்டான். இருக்கு. நல்லாவே வேலை செய்யும், அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டும் நெட் இருந்துக்கிட்டும் இருந்தா. எங்க லேப்டாப் கரண்ட் போனதும் போயிடும். மழைக் காலத்துல எங்க ஊர் கரண்டை நம்பி ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு "வீட்டு லேப்டாப்பைத் தொறக்கிறேன்"னு சொல்ல முடியுமா? உங்க அபார்ட்மெண்டுக்குச் செஞ்ச யோசனையை எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க.

அதோட, அந்த மாதிரி ஆப்புக்கு இன்னொரு முகமும் இருக்கு. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி பேங்குகளை எச்சரித்தது. எனிடெஸ்க் என்ற ஆப்பைப் போடச் சொல்லி, அதில் வரும் ஒன்பது இலக்க எண்ணைப் போனில் கேட்டு வாங்கி, ஆளின் போனுக்குள் புகுந்து பணத்தை எடுக்கிறார்கள் என்று. ஆப் செய்த களவு இல்லை அது. தூரத்தில் இருக்கும் மெஷினைச் சரி பண்ணத்தான் அதைச் செய்தார்கள். ஆனா பூட்டுக்காரன் செஞ்ச சாவியைத் திருடனும் வாங்கலாம். "பேங்க்ல இருந்து பேசுறோம், இந்த ஆப்பைப் போடுங்க"ன்னு ஃபோன் வந்தா எங்க ஊர்ப் பெரியவங்க போட்டுடுவாங்க. ஏன்னா இத்தனை வருசமா அவங்களுக்கு நாம பழக்கினது அதைத்தான்: "யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொன்னா அமுக்குங்க."

எந்த ஆப் கிடைக்குதோ அதைப் போடுறதும் ஆபத்துதான். ஷேர்இட், செண்டர், கேம்ஸ்கேனர், ஈ.எஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரர், இதெல்லாம் ஒரு காலத்துல எங்க ஊர்ல இல்லாத போன் கிடையாது. பட்டாவைப் படம் பிடிக்க ஒண்ணு, அனுப்ப ஒண்ணு, திறக்க ஒண்ணு. 2019 ஜனவரியில் ஒரு ஆராய்ச்சியாளர் வெளியே சொன்னார்: ஈ.எஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் அது போனுக்குள் சத்தமில்லாமல் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது, அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கோப்புகளை எடுக்கலாம் என்று. பத்து கோடிக்கும் மேலான தடவை இறக்கப்பட்ட ஆப் அது! பிறகு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. மேலே சொன்ன நாலும் அந்தப் பட்டியலில் இருந்தன.

தடை பண்ணினது சரியா தப்பான்னு நான் வாதாட வரல. ஒரே ராத்திரியில எங்க பத்திரத்துக்குப் போற பாதையைத்தான் மூடினாங்க. "இதுக்குப் பதிலா இதைப் பயன்படுத்துங்க"ன்னு ஊருக்கு வந்து சொன்னவங்க யாரு? ஒருத்தரும் இல்ல. அன்னைக்கு எங்க மக்கள் திரும்பிப் போன இடம் எது? நெட் சென்டர்தான். வாட்ஸ்அப்புல அந்தத் தம்பி நம்பர்தான்.

அரசாங்கத்தையும் முழுசா வையல. பட்டாவும் சிட்டாவும் புலப்படமும் இன்னைக்கு வீட்ல இருந்தே இணையத்துல எடுக்க முடியுது. எங்கப்பா காலத்துல அதுக்குத் தாலுகா ஆபீஸ் படியைத் தேய்க்கணும். ஆனா கொடுக்கிற பக்கம் போனுக்கு வந்துடுச்சு, வாங்குற பக்கம் இன்னும் வரல. காப்பீட்டுக்கும் கடனுக்கும் மானியத்துக்கும் அரசாங்கம் கொடுத்த காகிதத்தை மறுபடி ஸ்கேன் பண்ணி அரசாங்கத்துக்கே ஏத்தணும். இந்த அளவு கே.பி.க்குள்ள, இந்த மாதிரி ஃபைலா. அந்த அளவுக்குச் சுருக்கத் தெரியாமத்தான் பாதிப் பேர் நெட் சென்டர் வாசல்ல நிக்கிறாங்க. தகவல் பாதுகாப்புக்குன்னு 2023-ல ஒரு சட்டமே போட்டாச்சு. அந்தச் சட்டம் எங்க டவுன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்ப பஸ் ஏறி வரும்னு தெரியல.

"லேப்டாப் கெட்டுப்போனா?"ன்னு கேக்கிறது நியாயமான கேள்வி. கெட்டுப்போகும். கடற்கரை ஊர்ல உப்புக் காத்து தகரத்தையே தின்னுது, லேப்டாப்பை விடுமா? அதனால பென் டிரைவ்ல ஒரு நகல், அது மக வீட்ல இருக்கு. மூலப் பத்திரம் டிரங்குப் பெட்டியில. கோப்பு ரெண்டு இடத்துல, காகிதம் ஒரு இடத்துல. டிரைவ்லயும் ஒரு நகல் வேணும்னா வச்சுக்கட்டும், நான் சண்டைக்கு வரல. ஆனா அது கடைசி நகலா இருக்கட்டும், ஒரே நகலா இருக்க வேணாம்.

எங்க பக்கம் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடைன்னு சொல்வாங்க. தண்ணி எல்லாருக்கும் பொது. ஆனா எந்த மடையை எப்பத் திறக்கணும்னு முடிவு பண்ற உரிமை அந்தந்த ஊர்க்காரனுக்கு இருந்துச்சு. திறக்கிற உரிமை அடுத்தவன்கிட்ட இருந்தா கண்மாய் நிறைஞ்சும் வயல் காயும். காகிதத்துக்கும் அதே கதைதான்.

இனி உங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை. பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்க. அப்பா போனை வாங்கி, உங்க மெயில் ஐ.டி.யைப் போட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்டைப் போட்டு, "எல்லாம் செட் பண்ணியாச்சுப்பா, ஏதாவதுன்னா கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்புறீங்க. அன்புலதான் செய்றீங்க, தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அன்னையில இருந்து அவர் காகிதத்தை அவர் பார்க்கணும்னா உங்க மீட்டிங் முடியிற வரைக்கும் காத்திருக்கணும். ஓ.டி.பி. உங்க நம்பருக்கு வரும். நீங்க எடுக்காட்டி அவர் பஸ் ஏறி நெட் சென்டருக்குப் போவார். அங்க அவர் பேரில் நாலு எழுத்தை அடிச்சா யார் யார் கணக்கோ வரும். அவர் கணக்கும் யார் யார் கண்ணுலயோ படும்.

எங்கம்மா இடுப்புல ஒரு சாவிக்கொத்து எப்பவும் இருக்கும். டிரங்குப் பெட்டிச் சாவி அதுலதான். எழுதப் படிக்கத் தெரியாது அம்மாவுக்கு. ஆனா எந்தப் பத்திரம் எந்த மடிப்புல இருக்குன்னு தெரியும். ஒரு தடவை எங்க மாமா, "நான் பத்திரமா வச்சுக்கிறேன் அக்கா"ன்னு கேட்டார். "பத்திரம் பத்திரமாத்தான் இருக்கு, நீ சாப்பிடு"ன்னு சொல்லிட்டு இலை போட்டுச்சு அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

இந்தத் தடவை வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பரண்ல கிடக்கிற லேப்டாப்பை இறக்குங்க. அப்பா, அம்மா பேர்ல கணக்கு, அவங்களே தேர்ந்தெடுத்த பாஸ்வேர்டு, அவங்க போன்ல இருந்தே திறக்கிற மாதிரி ஒரு ஃபோல்டர். நீங்க செஞ்சு காட்டாதீங்க, அவங்க விரலை வச்சுச் செய்ய விடுங்க. நாலு தடவை தப்பா அமுக்குவாங்க, பொறுங்க. உங்களுக்குச் சைக்கிள் கத்துக்கொடுத்தப்ப அவங்க எத்தனை கிலோமீட்டர் பின்னாடி ஓடினாங்கன்னு நினைச்சுக்கங்க.

அந்த நகைக்கடன் மனுசனுக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லல. ஆனா போன வாரம் அவர் வீட்டுப் பரண்ல இருந்த லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு போடும்போது நான் திண்ணைக்கு எழுந்து வந்துட்டேன்.